ஆலைத் திரையில் நான் திறந்த ஜன்னல்கள்

எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் புரோகிராமை ஓடவிட்டு, அதன் ஜன்னலை மட்டும் நம் திரைக்கு வரவழைப்பது இந்தத் தொழில். ஜன்னல் வராவிட்டாலும் திட்டு தவறாமல் வரும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் சென்னை ஆபீசில் இருந்தேன். கம்ப்யூட்டர்கள் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இருந்தன. நடுவில் ஒரு கறுப்புத் திரை, அதில் நான் தட்டும் கட்டளைகள். இதே பிழைப்புப் பிழைத்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

அடுத்தவர் திரை

வேலைக்குச் சேர்ந்த புதிது. லாரி எடை போடும் புரோகிராமைத் திறக்கக் கட்டளை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்த கட்டளை, ஜன்னலை ஆலையின் திரையிலேயே திறக்கும் என்பது எனக்குத் தெரியாது.

போன் வந்தது. எடைமேடையில் வேலை பார்த்த பழவேற்காட்டு ஜரீனா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

“சார், அங்கேருந்து தொறக்கறது நீங்கதானா? நான் ஒண்ண மூடினா இன்னொண்ணு வருது. லாரிங்க கேட்டுக்கு வெளிய வரைக்கும் நின்னுகினு இருக்குது. ஒண்ணு நீங்க எடை போடுங்க, இல்ல என்னப் போட வுடுங்க.”

உலை அணைந்த கதை

உலையின் சூட்டைக் காட்டும் கோட்டுப் படத்தைத் தம் மேஜையிலிருந்தே பார்க்க எங்கள் ஆபீஸ் மேனேஜர் ஆசைப்பட்டார். செய்து கொடுத்தேன். லைன் அறுந்தால் ஜன்னலும் மறைந்துவிடும் என்றும் சொன்னேன். அதற்குள் அவர் படத்தில் மூழ்கிவிட்டார்.

ஒரு மழை நாளில் கம்ப்யூட்டர் லைன் அறுந்தது. போன் லைன் நன்றாக இருந்தது, அதுதான் வினை. படம் மறைந்ததும் உலையே அணைந்துவிட்டது என்று மேனேஜர் ஆலைக்குப் போன் போட்டுக் கத்தினார். கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் ஏசுதாஸ் முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்:

“உலை எரிஞ்சுகினுதான் கீது சார். சந்தேகம்னா வந்து கைய வெச்சிப் பாருங்க.”

ஒரு மத்தியானம்

சாப்பிடப் போகும் முன் உலையின் படத்தைத் திறந்தேன். குளிர்விக்கும் தண்ணீரின் சூடு ஏறிக்கொண்டிருந்தது. பம்ப் நின்றிருக்க வேண்டும். தண்ணீர் ஓடாவிட்டால் உலை வெடிக்கலாம். ஆலையில் எச்சரிக்கை மணி ரிப்பேர். ஆலைக்குப் போன் செய்தேன், எல்லா லைனும் செத்துக் கிடந்தது.

ஏசுதாஸின் திரையில் ஒரு வரிச் செய்தியை ஜன்னலாகத் திறக்கும் கட்டளை உண்டு. அந்தத் திரையில் தமிழ் வராது. ஆங்கில எழுத்தில், பம்பைப் பார் என்று அனுப்பினேன். அவர் ஜன்னலை மூடினால் என் கட்டளை முடிந்துவிடும். முடிந்தது. சூடு இறங்கவில்லை. மறுபடி அனுப்பினேன். அதையும் மூடினார். மூன்றாவதில் அவர் பெயரைப் போட்டு, ஓடு என்று எழுதினேன். அந்த ஜன்னல் மூடப்படவே இல்லை. படித்தாரா, இடத்திலேயே இல்லையா, தெரியவில்லை. கோடு ஏறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மெல்ல வளைந்து இறங்கத் தொடங்கியது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ஆலைக்கு வெளியே ஒரு டெலிபோன் பூத்திலிருந்து ஏசுதாஸ் பேசினார்.

“மொதல்ல வந்த ரெண்டையும், நீங்க இன்னாவோ டெஸ்ட் பண்றீங்கன்னு மூடிட்டேன் சார். அப்பால என் பேரு இருந்துச்சி. ஓடினேன். என் மச்சான் உலை வாய்கிட்டதான் வேல செஞ்சுகினு இருந்தான், தப்பிச்சான். ஊட்ல இன்னும் சொல்லல.”

எவ்வளவு தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் கட்டளை அடிக்கப் பழகிவிட்டேன். அடித்துவிட்டுக் காத்திருக்கத்தான் கடைசிவரை பழகவில்லை.