லெஸ்லியின் வெறும் வானம்

ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கம் சாமத்திய வீடு செய்த யாரைக் கேட்டாலும் லெஸ்லியைத் தெரியும். வயதுக்கு வந்த பெண்பிள்ளையை இருத்தும் மேடைக்குப் பின்னால் தொங்கும் பெரிய படங்களை வரைகிறவன். தாமரைக் குளம், அரண்மனை, இரு பக்கமும் மயில். ஒரு சாண் இடம் சும்மா கிடந்தாலும் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது.

"தம்பி, உதிலை வெறுமையாக் கிடக்கு. ஒரு யானை போடுமன்."

லெஸ்லி பல்லைக் கடித்துக்கொண்டு யானை போடுவான்.

அவனுடைய குரு வேறு ஆள். அகதியாகப் பாரிசில் இருந்தபோது, பழைய புத்தகக் கடையில் எத்தியேன் வார்மோவின் விண்வெளிச் சித்திரக்கதை ஒன்று அகப்பட்டது. பக்கம் முழுக்க வானம், அடியில் நகமளவு மனிதன். சோப்பு விளம்பரம் வரையத் தொடங்கிய வார்மோ, புத்தகத்துக்குப் புத்தகம் கோடுகளைக் குறைத்துக்கொண்டே போனவராம். இன்றைக்குச் சினிமாப் படங்களில் வரும் பாலைவனக் கிரகங்களுக்கு அவர்தான் தகப்பனாம். கேட்டுக் கேட்டு அவன் கூட்டாளியான எனக்குக் காது புளித்துவிட்டது. அவரைப் பார்த்து லெஸ்லியும் வெறும் வானமாக ஒரு கதை வரைந்தான். எந்தப் பதிப்பகமும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருடம் வார்மோ ரொறன்ரோவுக்கு வந்தார். பெயர் தெரியாத ஓவியர்களின் வேலையைப் பார்த்து, பிடித்தால் தன் பதிப்பகத்துக்குச் சொல்லுவாராம். லெஸ்லிக்கும் இடம் கிடைத்தது. நான்தான் காரில் ஏற்றிப் போனேன்.

கிழவர் லெஸ்லியின் ஃபைலில் இருந்த வானங்களை விறுவிறென்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் நின்றுவிட்டார். மயில், யானை, ஊசி குத்த இடமில்லாத மேடை. ஃபைல் மெலிந்து கிடக்கிறதே என்று லெஸ்லியின் மனைவி அனோஜா அவனுக்குச் சொல்லாமல் செருகிவிட்ட மேடைப் படங்களின் போட்டோக்கள். நிறைத்துக் கொடுக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறாது.

"அந்த வானமெல்லாம் என்னுடையது," என்றார் வார்மோ. "இது யாருடையது? இப்படி ஒரு புத்தகம் இருக்கிறதா?"

இல்லை என்று லெஸ்லி தலையாட்டினான். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவேயில்லை. "இருவது வருசம் அண்ணை," என்றான் லெஸ்லி. "யானை கீறாமல் இருக்கத்தானே படிச்சனான்." எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

வாசலிலேயே அனோஜா, "என்னவாம்?" என்றாள்.

"மயில் நல்லா இருக்காம்."

"நான் வச்சதெல்லோ," என்று அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவனால் ஏச முடியவில்லை. அதற்குள் போன் அடித்தது. பக்கத்து ஊரான அஜக்சிலிருந்து ஒரு வாடிக்கைக்கார அன்ரி.

"வடிவாக் கீறியிருக்கிறீர் தம்பி. மேலைதான் கொஞ்சம் வெறுமையாக் கிடக்கு."

"ஓம் அன்ரி," என்றான் லெஸ்லி. "நிரப்பிறன்."