ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போகும் கார்

அந்த சர்வீஸ் மேனேஜரின் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. மேசைக்கு எதிரே நானும் என் கணவரும் உட்கார்ந்திருக்க, அவரை மட்டும் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

"சார், கியர் பாக்ஸ் உள்ள மொத்தமா போயிடுச்சு சார். ஆனா வாரண்டியில வராது சார்."

கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவதும் நான்தான். என் கணவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. அவர் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவர், பைக்கில் போய்ப் பைக்கில் வருகிறவர். கியர் எத்தனை என்று கேட்டால் கூடச் சொல்லமாட்டார். அவரிடம் போய் இந்த மனிதர் கியர் பாக்ஸ் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வண்டி என்னுதுங்க. எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"கண்டிப்பா மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் என் கணவர் பக்கமே திரும்பினார்.

எனக்கு ஏன் அந்தக் கார் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை போட்ட ஷூவை மாட்டிக்கொண்டுதான் நடப்பேன். கிளட்ச் மிதிக்க அந்தக் காலுக்குத் தெம்பு இல்லை. திருப்பூர் வேலம்பாளையத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு தையல் யூனிட் இருக்கிறது, பதினாறு மெஷின். டீ-சர்ட் தைத்துக் கொடுக்கிறோம். துணி ஓரிடத்திலிருந்து வரவேண்டும், வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கு வேறோர் இடம் போகவேண்டும், திரும்பி வரவேண்டும். இந்த ஊரில் தொழில் என்பதே பாதி இந்த அலைச்சல்தான். முன்பெல்லாம் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் நான் போய் வருவேன், துணி வராது. துணிக்கு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டால் "இதோ வந்துட்டேனுங்க்கா" என்பார், மத்தியானம் வரை அந்த "இதோ" நீளும். வீட்டு ஆண்கள் யாராவது மனது வைத்தால் உண்டு. மனது வைத்ததை ஒரு வாரம் சொல்லிக் காட்டுவார்கள்.

கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. வலது கால் ஒன்று போதும். ஓட்டக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. பின் சீட்டை மடக்கினால் மூன்று ரோல் துணி வசதியாகப் படுக்கும். எங்கள் ஊரில் காரில் துணி ஏற்றாத முதலாளி யாரும் இல்லை. பெரிய பெரிய வெளிநாட்டுக் காரின் பின் கண்ணாடியில்கூட பீஸ் மூட்டை தெரியும். அது இங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

போன ஆவணி மாதம் ஒருநாள் காலை மங்கலம் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். முந்தைய வாரத்திலிருந்தே சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி ஒரு குதி குதித்தது. சர்வீஸில் சொன்னேன். "அது நார்மல்தான் மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு பனியன் கம்பெனி பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு விடவே இல்லை. இறங்கி என்ன ஏது என்று பார்க்கலாம் என்றால், என் கால் பட்டையைச் சரிசெய்து இறங்குவதற்குள் பஸ்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னென்னவோ சொன்னான். நானும் விடவில்லை. வண்டிக்குள் இருந்த மூன்று ரோலையும் ஒரு ஆட்டோவில் மாற்றி யூனிட்டுக்கு அனுப்பினேன். காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

துணியை இறக்கிவிட்டேன், டிசி புத்தகத்தை மறந்துவிட்டேன். டாஷ்போர்டு டப்பாவுக்குள்ளேயே கிடந்தது.

டிசி என்பது டெலிவரி சலான். துணி எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை ரோல், எத்தனை கிலோ, எந்த வண்டியில் போகிறது என்று எழுதி அனுப்பும் சீட்டு. பலர் வண்டி எண் கட்டத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள், அல்லது வாயில் வந்த எண்ணைக் கிறுக்குவார்கள். நான் அப்படி இல்லை. வண்டி எண் எழுதாத டிசியை என் யூனிட்டில் யாரும் கையில் வாங்கக்கூடாது என்று சட்டமே போட்டிருந்தேன். காலில் குறை இருக்கிறவள் கணக்கில் கோட்டை விடுவாள் என்று நினைக்கிறவர்கள் அதிகம், அதனால் எனக்கு இந்த வீம்பு. ஆகவே என் டிசி புத்தகத்தில் தாள் தாளாக, தெளிவான கையெழுத்தில், என் கார் எண் இருந்தது.

அதைத்தான் மேனேஜர் போட்டோ எடுத்து வைத்திருந்தார். டேப்லெட்டில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

"சார், இது வொயிட் போர்டு வண்டி. சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் வாரண்டி. மேடம் கமர்ஷியலா சரக்கு ஏத்தியிருக்காங்க. அவங்க கையெழுத்துலயே ப்ரூஃப் இருக்கு சார். டிக்கியில பஞ்சுத் தூசிகூட இருக்கு."

"ஏனுங்க, திருப்பூருல பஞ்சுத் தூசி இல்லாத வண்டி எதுங்க? உங்க சட்டையிலயே இருக்குதுங்க" என்றேன்.

அவர் சட்டையைப் பார்த்துக்கொண்டது எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது. புத்தகத்தை வாங்கி ஒரு தாளைப் பிரித்தேன். மூன்று ரோல், அறுபத்தாறு கிலோ என்று இருந்தது.

"உங்க எடை என்னங்க?"

"மேடம்?"

"எடைங்க. எத்தன கிலோ இருப்பீங்க?"

"எண்பத்தஞ்சு இருக்கும் மேடம்."

"அப்ப உங்கள ஏத்தீட்டு மங்கலம் போனா வாரண்டி உண்டு. உங்களவிட லேசான துணிய ஏத்தீட்டுப் போனா இல்லீங்களா? அஞ்சு பேரு உக்காரலாம்னுதான வண்டிய வித்தீங்க? அஞ்சு ஆளு எடையக் கூட்டிப் பாருங்க, என்ற துணி எடையக் கூட்டிப் பாருங்க. எந்த எடையில கியர் பாக்ஸ் போகும்னு சொல்லுங்க."

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிப்பை நிறுத்தினார். "பாலிசி மேடம்" என்றார். குதிக்கிறது என்று முன்பே சொன்னேனே, நார்மல் என்றீர்களே என்று கேட்டதற்கும் பாலிசி. வாரண்டி இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றதற்கும் பாலிசி. என் கணவர் மேசைக்கடியில் என் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார், போதும் போதும் என்று. அந்தக் கையைத் தள்ளிவிட்டேன். கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம் என்ற ஒரு வாக்கோடு எங்களை வெளியே அனுப்பினார்கள்.

அதன் பிறகு ஐந்து வாரம்.

பழைய ஸ்கூட்டரைக் கார் வாங்கியபோதே விற்றுவிட்டேன், அதனால் அந்த ஐந்து வாரமும் நான் என் கணவரின் பைக் பின்னால் உட்கார்ந்து போனேன். பட்டை போட்ட காலைத் தூக்கி வைக்க அவர் ஒரு கை கொடுக்கவேண்டும். ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியின் ஆபீசில் அவர் வாசலில் நின்று வாட்சைப் பார்ப்பார், உள்ளே என்னால் நிதானமாக ரேட் பேச முடியாது. அவருக்கு ஷிப்ட் இருக்கிற நாள் எனக்கு விடுமுறை. ஊத்துக்குளி ரோட்டில் இருக்கும் ஒரு பிரிண்டிங்காரர், நான் வராததைப் பார்த்து, பீஸை நான்கு நாள் தொடாமலே வைத்திருந்தார். போனில் கேட்டால் "நீங்க வருவீங்கன்னு பாத்தனுங்க" என்றார். நேரில் போய் நின்று சத்தம் போட்டால் மட்டுமே நடக்கிற வேலை இது. என் சத்தத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு அந்த வண்டி வேண்டும். இந்த ஐந்து வாரத்தில் ஓர் ஆர்டர் கைநழுவிப் போனது. யூனிட்டில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் வர ஆரம்பித்தது, அதுதான் என்னால் தாங்கவே முடியவில்லை.

ஆறாவது வாரம் ஒரு சனிக்கிழமை, என் கணவர் யூனிட்டுக்கு வந்தார். சம்பள நாள். நான் மேசையில் டிசிகளைப் பரப்பி ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு தெளிவு தெரிந்தது.

"வண்டி ஓகே ஆயிருச்சு புள்ள. மேனேஜர் நல்ல மனுசன். வாரண்டியிலயே புது கியர் பாக்ஸ் போட்டுக் குடுக்கறாங்களாம். ஒரு லெட்டர் மட்டும் கேக்கறாங்க. அவங்களே அடிச்சு மெயில்ல அனுப்பிட்டாங்க. நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

ஒரே ஒரு பக்கம். படித்தேன். டிசி புத்தகத்தில் என் கார் எண் தவறுதலாக எழுதப்பட்டுவிட்டது என்று முதல் வரி. அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியிருப்பேன். அடுத்தது இப்படி இருந்தது: 'நான் மாற்றுத்திறனாளி. தொழில் எதுவும் செய்வதில்லை. மேற்படி காரை மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் சென்று வர மட்டுமே பயன்படுத்துகிறேன். என் நிலையைக் கருத்தில் கொண்டு உதவுமாறு வேண்டுகிறேன்.'

"இதப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுப் பாத்துட்டுமா பிரிண்ட் எடுத்தீங்க?"

"பேப்பருல என்ன எழுதுனா என்ன? வண்டி வந்தாச் சரி. உனக்காகத்தான புள்ள அலையறேன்."

எனக்காகத்தான் அலைந்தார், அதில் பொய்யில்லை. ஆனால் பதினொரு வருடம் இந்த மேசையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர், அந்த வரியைப் படித்துவிட்டு, ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் பிரிண்ட் எடுத்திருக்கிறார். மேனேஜர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடம் இவர் மேல் திரும்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே பதினாறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்ததால் நாங்கள் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது.

ஆனாலும் எனக்கு வண்டி வேண்டும். அந்த பைக்கின் பின் சீட்டை இன்னொரு வாரம் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தாளை இழுத்தேன், கையெழுத்துப் போட்டேன், பேனாவை வைத்தேன், பக்கத்திலிருந்த யூனிட்டின் ரப்பர் சீலை எடுத்துக் கையெழுத்துக்குக் கீழே ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது முறை கையெழுத்தும் சீலுமாகப் பழகிய கை. கையெழுத்துப் போட்டால் அடுத்த நொடி அது தானாகச் சீலைத் தேடும். ஊதா மையில் என் யூனிட்டின் பெயர், கீழே 'உரிமையாளர்' என்ற எழுத்து, அதற்குச் சற்று மேலே 'தொழில் எதுவும் செய்வதில்லை'.

என் கணவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்புள்ள, வேணும்னே குத்துனியா?"

"இல்லீங்க. கை தானாப் போயிருச்சு."

"செரி, விடு. இன்னொன்னு எடுத்துக்கலாம்" என்று எழுந்து பிரிண்டர் பக்கம் போனார். இரண்டாவது தாள் வெளியே வந்தது. சீலை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்துவிட்டு, புதுத் தாளை என் முன்னால் வைத்தார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. முதல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தில் ஒரு தடவை முடிந்தது. நிதானமாக, தெரிந்தே, சீல் இல்லாமல் இன்னொரு தடவை என்னால் முடியாது என்று தெரிந்துபோனது.

"மேனேஜருக்குப் போனப் போடுங்க" என்றேன்.

போட்டுக் கொடுத்தார். "லெட்டர் ரெடியா சார்?" என்றது அந்தப் பக்கம்.

"சார் இல்லீங்க, நாந்தான் பேசறேன். லெட்டர் கெடையாது. கியர் பாக்ஸுக்கு நான் பணம் கட்டறேன், வேலைய ஆரம்பிங்க. துணி ஏத்துன வண்டினே பில்லுல எழுதிக்குங்க."

"மேடம், ஃப்ரீயா முடியறத ஏன் மேடம்… சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவரு எதுத்தாப்லதான் உக்காந்திருக்காருங்க. வண்டி எப்பத் தருவீங்க, அத மட்டும் சொல்லுங்க."

பத்தாம் நாள் தந்தார்கள். புதிதாக ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்க வைத்திருந்த பணம் அத்தனையும் அதில் போனது. அந்த மேனேஜரை நான் மன்னிக்கவில்லை, என் கணவர் மேல் இருந்த கோபமும் முழுக்கத் தணியவில்லை. பதினேழாவது மெஷினுக்கென்று வயர் இழுத்து, லைட் மாட்டி வைத்த இடம் யூனிட்டில் இன்னும் காலியாகவே கிடக்கிறது. தினமும் காலையில் கார் சாவியை எடுத்துக்கொண்டு அதைத் தாண்டித்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.