திங்கட்கிழமை இழுப்பு

பஞ்சுத் தூசியில் உழைத்தவர்களை ஆராய வந்த டாக்டர் பெண் நீட்டிய குழாயில் ஊதினேன். பள்ளிக்கூடம் போகாமலே, மில் கூலியாகத் தொடங்கி, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி கட்டியவன் நான். எனக்கு இதுவா பெரிது? ஆனால் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் அப்பாவுடையது.

அறுபதுகளில் அவர் பஞ்சு மில்லில் இருந்தார். புருவமெல்லாம் பஞ்சோடு வருவார். ஞாயிறு லீவு கழிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால்தான் நெஞ்சு இறுகும். சுவரைப் பிடித்து நின்று மூச்சை இழுப்பார்.

"லீவுதானுங்க உங்களுக்கு ஆகறதில்லை" என்றாள் அம்மா.

அப்பா நம்பிவிட்டார். ஞாயிறன்று மிஷின் துடைக்கும் வேலையையும் கேட்டு வாங்கினார். திங்கட்கிழமை இறுகவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒரு ஞாயிறு மாலை மில்லிலிருந்து அவரைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள்.

"உங்களுக்குத் திங்கட்கிழமை நெஞ்சு இறுகுமாங்கய்யா?" என்று டாக்டர் கேட்டாள்.

"இல்ல கண்ணு. அப்பா இருந்த அதே மில்லுல சேந்ததிலிருந்து நான் ஞாயித்துக்கிழமைகூட லீவு போட்டதில்லையே."