பிசிறு

குடியாத்தத்துத் தறிகளில் மிஞ்சும் லுங்கித் துண்டுகளை வாங்கி வந்து நான் போர்வை தைக்கிறேன். எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எந்தக் கட்டம் என்று தரையில் பரப்பி முடிவு செய்யவே ஒரு வாரம் ஆகிவிடும். ஒரு பச்சை இடம் மாறினால் எல்லாமே மாற வேண்டும். பிறகு அடியில் பழைய புடவை வைத்து, அடுக்குகள் சேர்ந்து பிடிக்கும்படி கையால் நெருக்கமாகத் தையல் ஓட்டுவேன். வாங்குகிறவர்கள் இதைக் கலை என்கிறார்கள். என் முதுகுக்கு அது தெரியாது.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பிசிறு வெட்டியவள். தைத்து வரும் ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் எடுத்துவிட வேண்டும், அதுதான் வேலை. இப்போது அவளுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. விரல்கள் மட்டும் வேலையை விடவில்லை.

நேற்று நான் சமைத்துவிட்டு வருவதற்குள், ஒரு மாதமாகத் தைத்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு தையலையெல்லாம் உருவி எடுத்திருந்தாள். காலடியில் நூல் குவிந்து கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னா வேல பண்ணிவெச்சிருக்கம்மா" என்று கத்திக்கொண்டே போர்வையைப் பிடுங்கினேன்.

அம்மா பயந்து எழுந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"பிசிறெல்லாம் எடுத்துட்டேன் மேடம். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆவாது. ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சி. வீட்ல பொண்ணு தனியா இருக்கும். கெளம்பட்டுமா?"

"கெளம்புங்க" என்றேன்.

வாசல் கதவு வரைக்கும் வேகமாகப் போனாள். தாழ்ப்பாளை எப்படித் திறப்பதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.