பேனரில் ஒட்டியிருந்த படிப்பு

டவுனில் பாச்சாங் குடியிருப்பில் இருக்கிற பெரியப்பா வீட்டு வாசலில், காருக்கு வெயில் படாமலிருக்க ஒரு பழைய பேனரைக் கட்டியிருந்தார்கள். அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகள் அப்படித்தான். தேர்தல் முடிந்த பேனர், கல்யாணம் முடிந்த பேனர், திருவிழா முடிந்த பேனர் எல்லாம் கடைசியில் யாருடைய காருக்காவது கூரையாகிவிடும். பெரியப்பா வீட்டுப் பேனரில் ஐந்து முகங்கள் இருந்தன. எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாராட்டப்பட்ட, அந்த வருடம் கல்லூரியில் சேர்ந்த ஐந்து பிள்ளைகள். நான்காவது முகம் என்னுடையது. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடை, பள்ளிச் சீருடை, கேமராவை முறைக்கிற பார்வை. அதற்குக் கீழே ‘சட்டத்துறை’ என்று போட்டிருந்தது. அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளை மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்ததை நான் ஆரம்பத்திலேயே பார்த்திருக்கிறேன், ஆனால் யோசித்ததில்லை. எனக்கு இருந்த கோபமெல்லாம் எழுத்தின் மேல்தான். நான் சட்டம் படித்ததே இல்லை.

நான் படித்தது உலகப் பண்பாட்டியல். முதல் பருவத்தில் ஒரு பாடம் வரலாறு, ஒரு பாடம் மானுடவியல், ஒரு பாடம் பொருளாதாரம், ஒரு பாடம் சமயங்கள், அதோடு புதிதாக ஒரு மொழி. ஒரே கேள்வியை ஐந்து வாசல் வழியாக உள்ளே போய்ப் பார்க்கிற படிப்பு என்று எங்கள் விரிவுரையாளர் சொல்வார். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, பிடிவாதமாக அதில்தான் சேர்ந்தேன். மருத்துவத்துக்கு மதிப்பெண் போதாமல் அதில் போய் விழுந்தேன் என்று இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. நானாகத்தான் கேட்டு வாங்கிச் சேர்ந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு அன்றைக்கும் கூச்சம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

பெரியப்பாவுக்குத்தான் கூச்சம். அப்பாவின் அண்ணன் அவர். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் எழுத்து வேலை பார்த்தவர், அதனால் எல்லாருக்கும் ‘கிராணியார்’. ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது எங்கள் சனங்களில் முக்கால்வாசி டவுனுக்கு வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றது. அதற்கு அவர்தான் செயலாளர். எங்கள் வீட்டிலும் அவர்தான் செயலாளர். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டிய என் அப்பா, தன் கல்யாணத்திலிருந்து வீட்டுக்கு அடிக்கிற சாயம் வரைக்கும் அண்ணனைக் கேட்காமல் எதுவும் செய்ததில்லை. நான் என்ன படிக்கிறேன் என்று பெரியப்பா கேட்டபோது விளக்கமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “அதெல்லாம் சரி லா. படிச்சா என்னாவா ஆவ?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. அவருக்கு மேலே பெரிய கிராணியாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய பிள்ளைகள் ஒருவர் டாக்டர், ஒருவர் லாயர். அந்தப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஆபீஸ் பக்கம் வந்தால், தன்னைவிடப் பாதி வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பாராம். இதை அவரே பத்துத் தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை. நம் வீட்டிலும் ஒரு பிள்ளை வரும், அவளுக்கு நான்கு பேர் எழுந்து நிற்பார்கள் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். நானோ அவர் வாயில் நுழையாத ஒரு பெயரோடு வந்து நின்றேன்.

முதல் பருவம் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, டவுனில் ஒரு தாதியர் கல்லூரியின் விண்ணப்பம் மேசை மேல் இருந்தது. பெரியப்பா கொண்டுவந்து கொடுத்தது. நான் கத்தினேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா விண்ணப்பத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “திருநா முடியட்டும்மா. அண்ணங்கிட்ட பேசி முடிவு பண்ணுவோம்” என்றார். அவர் அண்ணனிடம் பேசி எடுத்த முடிவெல்லாம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது. என் படிப்புக்கும் எட்டு நாள்தான் இருந்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். திருவிழா அன்று மத்தியானப் பூசை முடிந்து, அன்னதானம் தொடங்குவதற்கு முன்னால், கல்லூரிக்குப் போன பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, பெயரையும் படிப்பையும் மைக்கில் சொல்லிப் பொன்னாடை போர்த்துவார்கள். படிப்புக்கு ஏற்ற மாதிரி கைதட்டல் கூடும், குறையும். மருத்துவம் என்றால் விசில் பறக்கும். அன்றைக்கு மேடையேறின பிறகுதான் பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் பெரியப்பா மைக்கில் என் பெயரைச் சொல்லி, “சட்டத்துறை!” என்று முழங்கினார். பந்தலே கைதட்டியது. அவர் என் தோளில் பொன்னாடையைப் போர்த்தும்போது காதோரமாக, “சிரி” என்றார். சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்தச் சிரிப்போடு இறங்கியிருப்பேன். வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் மேடைப் படியில் ஓர் அத்தை நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தவர். உறவில்லை, ஆனால் எல்லாருக்கும் அத்தை. என் கையைப் பிடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தைத் திணித்தார். “சாமிதான் ஒன்ன அனுப்பியிருக்கும்மா. வூட்ட காலி பண்ணச் சொல்லி ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. மலாய்ல இருக்கு, ஒண்ணும் புரியல. நீ லாயருக்குப் படிக்கிறியாமே, நீதான் பாத்து எதாச்சும் செய்யணும்.” அதுவரைக்கும் அந்தப் பொய் எனக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் இருந்த சண்டையாகத்தான் இருந்தது. இப்போது ஒரு கிழவி தன் வீட்டையே அதன் மேல் வைக்கிறாள்.

நான் திரும்ப மேடையேறினேன். அடுத்த பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். மைக்கை எடுத்து, “நான் சட்டம் படிக்கல” என்றேன். “பேனர்ல போட்டிருக்கறது தப்பு. நான் படிக்கிறது உலகப் பண்பாட்டியல்.” சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் அது என்ன படிப்பு என்று உரக்கவே கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ‘உங்கள் ஊரில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்’ என்று கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் எங்கள் கோயில் அன்னதானத்தைத்தான் எழுதியிருந்தேன்.

பந்தலுக்கு வெளியே கையைக் காட்டினேன். அங்கே செம்பனை நிழலில் பதினைந்து இருபது நேப்பாளிகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் விட்டுப்போன தோட்ட வேலையை இப்போது செய்கிறவர்கள். இரண்டு நாளாக வாழைமரம் கட்டியது, பந்தக்கால் நட்டது, நாற்காலி இறக்கியது எல்லாம் அவர்கள்தான். நெற்றியில் எங்கள் கோயில் குங்குமம், கையில் சோற்றுப் பொட்டலம். வருடா வருடம் அப்படித்தான். மேசையும் வாழையிலையும் எங்களுக்கு, பொட்டலம் அவர்களுக்கு. “நம்ம தாத்தாங்கள தொரை பங்களா பின்வாசல்ல நிக்க வெச்சாங்கன்னு எல்லாரும் சொல்றோமே. இன்னிக்கு நாம யார வெளிய ஒக்கார வெச்சிருக்கோம்? அது ஏன், எப்பலேர்ந்து, யாரு சொல்லின்னு கேக்கற படிப்புதான் என் படிப்பு” என்றேன். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது மைக்கில் சத்தம் இல்லை. மைக்செட்டுக்காரர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா அவருக்குக் கை காட்டியிருந்தார்.

பந்தலில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாத மைக்கோடு ஒரு பெண்பிள்ளை நின்றால் எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போது நாற்காலி ஏற்றி வந்த லோரியின் பக்கத்திலிருந்து அப்பா நடந்து வந்தார். அவசரமில்லாமல்தான் வந்தார். மேடையோரத்தில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போய், குனிந்து, சுவிட்சைப் போட்டார். பிறகு பெட்டியை மறைத்துக்கொண்டு, கையைக் கட்டி, அண்ணனைப் பார்த்தபடி நின்றார். ஐம்பது வருடத்தில் அப்பா பெரியப்பாவை நேருக்கு நேர் பார்த்து நின்றது அன்றைக்குத்தான் என்று அம்மா பிறகு சொன்னார். மைக் ஒரு தடவை கீச்சிட்டது. பேச நினைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. “நான் அதத்தான் படிப்பேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். கடிதத்தைப் படித்து என்ன போட்டிருக்கிறது என்று வரிக்கு வரி விளக்கினேன். அடுத்த வாரம் டவுனில் உண்மையான வழக்கறிஞர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். வீடு தப்பவில்லை, ஆனால் மாற்று வீடு கையில் கிடைக்கும் வரை அத்தை அங்கேயே இருந்தார். தாதியர் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு பேசவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து லோரியில் அது கண்ணாடி துடைக்கக் கிடந்ததைப் பார்த்தேன்.

பெரியப்பா என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. ஆனால் அடுத்த வருடத் திருவிழாவிலேயே பந்தலுக்குள் கூடுதலாக மூன்று மேசை போடச் சொன்னார். யார் யோசனை என்று கேட்டவர்களிடம் தன் யோசனைதான் என்றாராம். அந்த மேசைகளில் அவரே சாம்பார் வாளியோடு நின்று, அரைகுறை மலாயிலும் எங்கோ பொறுக்கிய நேப்பாளி வார்த்தைகளிலும் கேலி பேசிப் பரிமாறியதை நானே பார்த்தேன். அந்தத் தோட்டத்திலேயே என் படிப்புக்கு மிகப் பொருத்தமான ஆள் அவர்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். சொல்லியிருந்தால் அடித்திருப்பார். மறுபடி பேச ஆரம்பித்த பிறகும் யார் வீட்டுக்கு வந்தாலும் என்னை, “இது தம்பி மவ, லாயர்” என்றுதான் அறிமுகப்படுத்துவார். “லாயர் இல்ல பெரியப்பா” என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுகிற ஓர் அமைப்பில் இருக்கிறேன். வேலையில் வரலாறும் வேண்டும், சம்பளக் கணக்கும் வேண்டும், யார் எந்தக் கையால் சாப்பிடுவார்கள் என்பதும் வேண்டும். அதை அவரிடம் எடுத்துச் சொன்னபோதும், “அப்ப லாயர் மாதிரிதான்” என்றார்.

போன மாதம் அவருக்குப் பதினாறாம் நாள் காரியம். வந்திருந்த ஒருவர், “நீங்கதானே அந்த லாயர் பொண்ணு?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து, வழக்கம்போல மேலே பார்த்தேன். இத்தனை வருட வெயிலில் என் படத்துக்குக் கீழே இருந்த வெள்ளை ஒரு முனையில் உரிந்து தொங்கியது. அது ஒட்டுத்தாள். அதற்கு அடியில் பேனரிலேயே அச்சடித்த எழுத்து தெரிந்தது: ‘உலகப் பண்’.

பின்னால் வந்து நின்ற பெரியம்மாவைப் பார்த்தேன். “மொதல்ல சரியாத்தாம்மா அடிச்சாரு. கடைக்காரன்கிட்ட நின்னு எழுத்துக்கூட்டிச் சொன்னாரு. கமிட்டி ஆளுங்க பாத்துட்டுச் சிரிச்சிட்டாங்க. மறுநாளு அவரே ஏணி போட்டு ஒட்டுனாரு” என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். எனக்குச் சமாதானமாகவில்லை. படிப்பின் பெயரே தெரியாமல் மாற்றினார் என்றுதான் இத்தனை நாளும் பாதி மன்னித்து வைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. எழுத்துப் பிசகாமல் தெரிந்திருக்கிறது. நாலு பேர் சிரிப்புக்காக மூடியிருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அவர் இருந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன், அவரும் விடாமல் போட்டிருப்பார். அந்தச் சண்டைக்கு ஆளில்லாமல் போனதுதான் தாங்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து ஏறினேன். அப்பா வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஒட்டுத்தாள் சில இடத்தில் லேசாக வந்தது, சில இடத்தில் இறுகிப் பிடித்திருந்தது, நகத்தால் சுரண்டினேன்.

“பேனர் கிழிஞ்சிடப் போவுதும்மா” என்றார் பெரியம்மா.

“கிழிஞ்சா கிழியட்டும் பெரியம்மா. இத மூடி வெக்கக் கூடாது.”

கிழியவில்லை. கடைசித் துண்டையும் உரித்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, இறங்கி, தள்ளி நின்று பார்த்தேன். பத்தொன்பது வயது முகம் முறைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே என் படிப்பின் பெயர் முழுசாக இருந்தது, பெரியப்பா எழுத்துக்கூட்டிச் சொன்னபடியே.