வில்வீரர்களுக்கும் பசிக்கும்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு பேரரசனாகவும் இருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் ஏதாவது ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப்போய்த் தலையில் கைவைக்கச் சொல்லியிருப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன் ஒருவன் மாமல்லபுரத்தில் ஓட்டல் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கிளம்பும்போது ஒரு சிடியை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு தீவு, இரண்டு ராஜா, ஆளுக்கொரு ஊர். மரம் வெட்ட வேண்டும், தானியம் சேர்க்க வேண்டும், கோட்டை கட்டி, படை திரட்டி, எதிராளியை ஒழித்துக்கட்ட வேண்டும். படபடவென்று சுடுகிற சங்கதி இல்லை. செஸ் மாதிரி முறை வைத்து ஆடுவது. நான் என் வேலைகளை முடித்து 'எண்ட் டர்ன்' பொத்தானை அமுக்கினால்தான் அவன் ஆட முடியும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். யோசிப்பதையே ஒரு தொழிலாக வைத்திருந்த எனக்காகவே செய்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஓட்டலில் தங்கியிருப்பவர்கள் கோயிலையும் கடலையும் பார்க்கப் போயிருப்பார்கள். மேனேஜருக்கு லீவு. ரிசப்ஷன் மேசையில் நாங்கள் இருவரும் ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, அவன் ஆடும்போது நான் தலையைத் திருப்பிக்கொள்ள, நான் ஆடும்போது அவன் வாசலைப் பார்க்க, மாலை வரை போர் நடக்கும்.

என் ராஜதந்திரம் ஒன்றே ஒன்றுதான். தீவின் நடுவில் ஒரு ஆறு, அதன் மேல் ஒரு பாலம். பாலத்தின் என் பக்கத்து முனையில் வில்வீரர்களைக் குவித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். அவன் படை பாலம் ஏறி வரும், அம்பு பட்டுச் சாகும். மறுபடி வரும், மறுபடி சாகும். அவன் வெறுத்துப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளுவான்.

"இன்னா மச்சான் நீ, ராஜாவா வாட்ச்மேனா? கொஞ்சம் வெளிய வாயேன்டா!"

நான் வெளியே போனதே இல்லை. வருஷக்கணக்காக அந்தப் பாலத்து முனையிலேயே நின்று ஜெயித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு மேதை என்று நான் நினைத்துக்கொண்டதற்கு வேறு ஆதாரம் எதுவும் அப்போது இல்லாததால், இதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் மின்சார ரயிலில் போய்ச் சாயங்காலம் அதிலேயே திரும்புவாள். நான் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வீட்டில் வைத்தேன். பத்திரிகை வேலையை வீட்டிலும் செய்யலாம் என்று அவளிடம் சொன்ன காரணம் அவளுக்கே சிரிப்பை வரவழைத்தது.

அந்தச் சமயத்தில்தான் நண்பன் ஒரு நாள் பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரு சிடி.

"செகண்ட் பார்ட்டு வந்துட்ச்சுடா! மெட்ராஸ் போயி வாங்கினு வந்தேன். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சிடியோடு அவன் ஒரு ஆங்கிலப் பத்திரிகையையும் கொடுத்தது தப்பாகிப் போனது. அதில் இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். முதல் பாகத்தில் இல்லாத பெரிய மாற்றம் ஒன்று இதில் இருக்கிறதாம். படைகளுக்குப் பசிக்குமாம். ஊரிலிருந்து தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தி வைத்தால், முறைக்கு முறை தானியம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வீரர்கள் இளைத்து, வில்லைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுவார்களாம்.

என் வில்வீரர்கள்! பல வருஷமாக ஒரு வாய் தண்ணீர் கேட்காமல் பாலத்தில் நின்றவர்கள்.

சிடியைப் பீரோவில் என் பேன்ட்களுக்கு நடுவே வைத்தேன். முதலில் நன்றாக யோசித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சரி என்று தலையாட்டியவன் நான். அந்த விஷயத்தில் இல்லாத நிதானம் இதில் வந்துவிட்டது.

நண்பன் போன் செய்யும்போதெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். என் கம்ப்யூட்டருக்கு ரேம் போதாது என்றேன். அவனே ஒரு ரேமைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான். பிறகு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம், இந்த நாற்பது நாளில் விளையாட்டெல்லாம் கூடாது என்றேன். "ஈஸ்டரு போயி கிறிஸ்மஸே வரப் போவுதுடா" என்று அவன் சொன்னபோது, முதல் பாகத்தை இன்னும் முழுசாக ஆராயவில்லை என்றேன். அது உண்மையும்கூட. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே நான் பார்த்ததில்லை.

டி.டி.பி. சென்டருக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருகிறவரிடம்கூட அபிப்பிராயம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார், கேம்தானே? புடிக்கலன்னா அழிச்சிடுங்க" என்றார். விஷயத்தின் கனம் புரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் வீட்டில் நிஜமாகவே கனமான விஷயம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கல்யாணமான முதல் வருஷம் மனைவிக்குத் தரித்த கரு மூன்றாம் மாதமே கலைந்துபோயிருந்தது. அதன்பின் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது மறுபடி தரித்து, ஐந்தாம் மாதம் கொஞ்சம் ரத்தம் பட்டது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "ஸ்கூல், ரயில், படி ஏறுறது ஒண்ணும் கூடாது. பிரசவம் வரைக்கும் படுக்கைதான்" என்று சொல்லிவிட்டார். என் மாமியார் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து சமையலை எடுத்துக்கொண்டார். நான் காலையில் வேலைக்குப் போய், மத்தியானம் சாப்பிட வந்து, மறுபடி போய், சாயங்காலம் வந்தேன்.

ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவள். முதல் வாரம் தூங்கினாள். அடுத்த வாரம் வந்த எல்லா வாரப் பத்திரிகைகளையும் படித்தாள். அதற்கடுத்த வாரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சாப்பிட வந்த என்னிடம் ஒரு நாள், "என்னங்க, அந்த மூலைல ஒட்டடை எப்படி இருக்கு தெரியுமா? எனக்கு அதோட ஒவ்வொரு இழையும் மனப்பாடம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. ஒட்டடைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். சாம்பார் நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

அன்றைக்கே சாயங்காலம் கேட்டாள். "பீரோல ஒரு சிடி வச்சிருக்கீங்களே. அது என்ன?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினேன். முதல் பாகத்தின் பெருமை, பாலம், வில்வீரர்கள், இரண்டாம் பாகத்தில் வந்துவிட்ட பசி, அதனால் விளையாட்டின் ஆதாரமே குலைந்துபோயிருக்கும் அபாயம், எனவே நான் கடைப்பிடிக்கும் நிதானம். மாமியார் நடுவில் வந்து காபி வைத்துவிட்டுப் போனார். நான் முடித்தபோது காபி ஆறியிருந்தது.

"அப்போ இத்தனை மாசமா இதைப் போட்டே பாக்கலையா?"

"யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

"தோத்துடுவோம்னு பயமா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு கொள்கை."

அவள் என்னைப் பார்த்த பார்வை, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன்களுக்கு என்று வைத்திருப்பது.

"கொள்கை இருக்கட்டும். மேசைய கட்டில் பக்கத்துல தள்ளுங்க."

தள்ளினேன். சிடியைப் போட்டேன். அவள் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தபடியே மவுஸைப் பிடித்தாள். முன்பின் விளையாடியவள் இல்லை. நான் சொல்லித்தருவதாகச் சொன்னேன். "வேணாம், நீங்களும் புதுசுதானே" என்றாள்.

எங்கள் போர் முறை இப்படி அமைந்தது. காலையில் நான் போன பிறகு அவள் தன் முறையை ஆடி வைப்பாள். மத்தியானம் நான் சாப்பிட வந்து என் முறையை ஆடுவேன். பிறகு அவள். சாயங்காலம் நான். தன் முறையை முடித்துவிட்டு அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள், முகத்திலும் ஒன்றும் காட்டமாட்டாள்.

நான் செய்த முதல் காரியத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு பாலத்தைக் கண்டுபிடித்து வில்வீரர்களை நிறுத்தினேன். அவள் பாலத்தின் பக்கமே வரவில்லை. என் ஊருக்கும் பாலத்துக்கும் நடுவில் தானிய வண்டி போகிற பாதையில் இரண்டு குதிரை வீரர்களை நிறுத்திவிட்டு, நிம்மதியாகப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகக் கட்டிக்கொண்டு போனாள். மூன்று மத்தியானத்தில் என் வில்வீரர்கள் எலும்பும் தோலுமாகித் திரையிலிருந்து மறைந்தார்கள். நான் கையிலிருந்த சோற்றை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாவம், அதுங்களுக்குச் சாப்பாடு போடலையா நீங்க?" என்றாள்.

அதன்பின் நான் வேலை செய்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்துகொண்டு அவள் அடுத்து எந்தப் பக்கம் வருவாள் என்பதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைப் பார்க்க வந்த பெண்ணின் அப்பா, கண்ணாடியை ஏற்றி இறக்கிவிட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

"இன்னாபா இது? 'சுப முற்றுகை நேரம்'னு போட்டுக்கீற. எம் பொண்ணுக்குக் கல்யாணம் பண்றனா, இல்ல பையன் வூட்டு மேல சண்டைக்குப் போறனா?"

முகூர்த்தம் என்று திருத்தினேன். முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். வீட்டில் சொன்னபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, "இப்படிச் சிரிக்கக் கூடாதுடி, டாக்டர் என்ன சொன்னாங்க" என்று அவளையும், "நீங்க ஏன் மாப்ள இதையெல்லாம் இப்ப சொல்றீங்க" என்று என்னையும் திட்டினார். அந்த வீட்டில் பல மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. மாமியாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். திட்டிவிட்டுத் திரும்பும்போது அவரும் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை பாஸ்டர் ஜெபிக்க வந்தார். திரையில் என் தலைநகரத்தைச் சுற்றி அவளுடைய யானைகள் நின்றுகொண்டிருந்தன. அணைக்க நேரமில்லை. அவர் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பழைய ஏற்பாட்டுப் படமாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா. மதில் விழப் போற இடம்" என்றாள் படுக்கையிலிருந்து, கொஞ்சமும் கூசாமல்.

அவர் மகிழ்ந்துபோய், குழந்தைக்காகவும் தாய்க்காகவும் நீண்ட ஜெபம் செய்தார். நான் கண்ணை மூடியிருந்தேன். சாதாரணமாக ஜெபத்தில் எனக்கு மனம் எங்கெங்கோ ஓடும். அன்றைக்கு ஓடவில்லை. இந்தத் தடவை நல்லபடியாக ஆக வேண்டும் என்று கேட்டேன், திரும்பத் திரும்ப அதையே. கண்ணைத் திறந்தபோது அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாஸ்டரை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள், "எனக்கும் பயமாத்தான் இருக்குங்க. தினமும் காலைல எழுந்ததும் முதல்ல அதுதான் நினைப்பு" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன தடவை இதைச் செய்திருக்கலாம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உங்க முறை" என்றாள்.

நண்பன் நடுவில் ஒரு தரம் வஞ்சிரமீன் வாங்கிக்கொண்டு வந்தான். திரையைப் பார்த்தான், என் நிலையைப் பார்த்தான், அவளிடம் திரும்பினான்.

"அண்ணி, நீங்க மட்டும் அப்பவே இருந்திருந்தா எனக்கு எவ்ளோ ஞாயித்துக்கெழம மிச்சம் ஆயிருக்கும்!"

நாள் நெருங்கி, வலி எடுத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போர் அப்படியே பாதியில் நின்றது. எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஊர், அதுவும் தீவின் ஓரத்தில் கடற்கரையை ஒட்டியது. சுகப்பிரசவம். பெண் குழந்தை. மாமியார் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பத்திரிகைக் கட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினேன். நர்ஸ் வந்து முழங்கையை மடக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கம்ப்யூட்டர் மேல் குழந்தையின் துணிதான் காய்ந்தது. பிறகு ஒரு மத்தியானம், குழந்தை தூளியில் தூங்க, நான் பக்கத்தில் பாயில் கண்ணயர்ந்துவிட்டேன். திடீரென்று முரசும் கொம்புமாக ஒரு சத்தம். அதற்கு முன் அந்த இசையை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. எழுந்து பார்த்தால் அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் என் கடைசி ஊர் புகைந்துகொண்டிருந்தது. மேலே அவள் கொடி.

"தூங்கும்போதா?" என்றேன்.

"என் முறைதானே பாக்கி இருந்துச்சு?" என்றாள். "சத்தத்த எப்படிக் குறைக்கறது இதுல? சீக்கிரம்!"

நான் பொத்தானைத் தேடுவதற்குள் தூளி அசைந்தது, அழுகை ஆரம்பித்தது. அவள் திரையில் ஓடிக்கொண்டிருந்த மதிப்பெண்களை ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தாள். நான் போய்த் தூளியை ஆட்டினேன்.