காணாமற்போன கோப்பும் காலியாகாத கூடையும்

இன்று சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் ஒரு செய்தி சொன்னது. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லையாம். அது இல்லாமல் கேம் திறக்காதாம்.

கேம்தானே, போகட்டும் என்பீர்கள். வேறொரு நாளென்றால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று மணிக்கு நாலு விருந்தாளிகள் வருகிறார்கள் — என் மகள் ஜெனியின் வகுப்புப் பிள்ளைகள். அதுவும் முதன்முறையாக!

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து கடல் கடந்து சொந்த ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி எட்டு மாதம். ஜெனி பிறந்ததே முகாமில். வாயைத் திறந்தால் அந்த ஊர்ப் பேச்சுத்தான். வகுப்பில் 'இந்தியாக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இடைவேளையில் தனியாகத்தான் இருப்பாள். அப்படிப்பட்டவள், வீட்டில் கார் ரேஸ் கேம் இருக்கிறதென்று சொல்லி நாலு பேரை அழைத்துவிட்டாள்.

"ஓடலைன்னா என்னைப் புளுகுணின்னு சொல்லுவாங்கம்மா..."

குற்றவாளி யார்? வேறு யார்... நான்தான்.

வியாழக்கிழமை கொம்பியூட்டர் தன்னிடம் இடமில்லை என்றது. ஊர் விட்டு ஊர் ஓடி வளர்ந்தவள் நான். மூட்டை கட்டும்போது எனக்கு ஒரே சட்டம்தான்: என்னவென்று தெரியாத சாமானைச் சுமக்காதே. கேமின் கோப்புறைக்குள் போனேன். கார்ப் படங்களை விட்டுவிட்டேன். வாயில் நுழையாத பெயரோடு கிடந்த பதினொன்றை அழித்தேன். அப்படியும் இடம் கூடவில்லை. கொம்பியூட்டருக்குமா பிடிவாதம் என்று எழும்பிவிட்டேன்.

முற்றத்தில் படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிரவேயில்லை.

"என்ர எஞ்சினுக்குள்ளயும் பேர் தெரியாத சாமான் கொஞ்சம் கிடக்கு. வந்து எறிஞ்சு விடுமன்?"

"பகிடி விடாதேங்கோ. நான் அந்தோனியாரை மன்றாடிக்கொண்டு நிக்கிறன்."

"அந்தோனியார் ஆடு, மாடு, தாலிக்கொடி தேடித் தருவார். இதுக்கு ரிசானாவிட்டைப் போம்."

ரிசானா சந்தியில் போட்டோக்கொப்பி, இன்டர்நெட் கடை வைத்திருப்பவள். எங்களைப்போலவே இடம்பெயர்ந்து திரும்பி வந்தவள் — அவள் புத்தளத்திலிருந்து. சைக்கிளை மிதித்துப் போய், "இந்தப் பெயரில ஒரு கோப்பு இன்டர்நெட்டில இருந்து எடுத்துத் தா" என்றேன்.

"கண்ட இடத்துல எடுத்துப் போட்டா வைரஸ்தான் வரும் அக்கா. எப்பிடிக் காணாமப் போச்சு?"

பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழிச்ச பொறகு குப்பைக் கூடையைக் காலி பண்ணினீங்களா?"

பண்ணியிருக்க வேண்டுமோ? ஒழுங்கான பெண் பண்ணியிருப்பாளோ?

"இல்லை... மனம் வரேல்லை. பிறகு தேவைப்பட்டால் எண்டு..."

ரிசானா சிரித்த சிரிப்பில் போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! அதுதான் இடமும் கூடல்ல. எல்லாம் கூடைக்குள்ளதான் இருக்கும். போய்த் திருப்பி எடுங்க அக்கா!"

கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவர்களே, உங்கள் பயத்துக்கும் ஒரு நாள் பலன் கிடைக்கும்!

வீட்டுக்கு ஓடி வந்து கூடையைத் திறந்தேன். முன்பு எறிந்த பழைய சாமான்களுக்கு நடுவே பதினொன்றும் பத்திரமாகக் கிடந்தன. எது முக்கியம், எது இல்லை? இந்த முறை நான் நீதிபதியாகவில்லை. பதினொன்றையும் பழைய இடத்துக்கே அனுப்பினேன். கேமை அழுத்தினேன். திரை கறுத்தது... கறுத்தே நின்றது... அந்தோனியாரே!

'உர்ர்ர்' என்று கார் உறுமியது. ஜெனி துள்ளிய துள்ளலில் கதிரை சரிந்தது.

மூன்று மணிக்கு வாசலில் நாலு சோடிச் செருப்பு. நான் அடுப்படியில் கடலை அவித்துக்கொண்டே காதை மட்டும் அறைக்குள் விட்டிருந்தேன்.

"ஏய் இந்தியாக்காரி, தள்ளு! அடுத்தது நான்!"

கரண்டியைக் கீழே வைத்தேன். உள்ளே போகவா, வேண்டாமா? அதற்குள் ஜெனியின் குரல்:

"பொறடி, முடிச்சிட்டு வாறன்!"

அவள் வாயில் நான் கேட்ட முதல் 'வாறன்'; அதுவரை 'வர்றேன்'தான். கடலை அடிப்பிடித்துவிட்டது. அதையும் தின்று தீர்த்துவிட்டு, "நாளைக்குப் பூசை முடிய வருவம் அன்ரி" என்று போனார்கள்.

"இடமில்லை எண்டு திரும்பவும் கத்துது. அந்தக் கூடையை இனியாவது காலி பண்ணுமன்" என்கிறார் கணவர்.

பண்ணலாம்தான்... ஆனால் பிள்ளைகள் நாளைக்கும் வருகிறார்களே, எதற்கும் இருக்கட்டும்!